குடும்ப இல்லம் விற்பனைக்கு

இலண்டன் மாநகரின் வீட்டுத் தரகர்கள் வெளியிடும் விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படும் தொடர் ஒன்று உண்டு: ‘விக்டோரியா காலத்துப் பெரிய குடும்ப இல்லம் விற்பனைக்கு.’ கென்சிங்டன், இஸ்லிங்டன், நாட்டிங் ஹில் முதலிய பகுதிகளில் தெருவோரமாகத் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் அடுக்கு வீடுகளையே இவ்விளம்பரங்கள் குறிக்கின்றன. உயர்ந்த கூரை, மேலும் கீழும் நகரும் நெடிய சன்னல்கள், பளிங்கு பதித்த கணப்புகள், வளைந்து ஏறும் மாடிப்படி என்று வீட்டின் சிறப்புகள் அடுக்கடுக்காகச் சொல்லப்பட்டிருக்கும். கேட்கப்படும் விலை பல இலட்சம் பவுன். சில தெருக்களில் அது கோடியையும் தாண்டும்.

விளம்பரத்தில் உள்ள சொற்களுள் ‘விக்டோரியா காலம்’ என்பது எளிதில் விளங்குகிறது. விக்டோரியா அரசியார் 1837 முதல் 1901 வரை ஆண்டார். ‘பெரிய’ என்பதற்கும் விளக்கம் வேண்டா. ‘குடும்ப இல்லம்’ என்பதுதான் நம்மை நின்று சிந்திக்க வைக்கிறது. எந்தக் குடும்பம்? அதில் யார் யார் அடக்கம்? அச்சுவர்கள் எழுந்த நாள்தொட்டு அவற்றுக்குள் வாழ்ந்தவர் யார், உழைத்தவர் யார், உரிமை பெற்றிருந்தவர் யார்? இக்கேள்விகளோடு அவ்வீட்டின் வாயிலில் சற்றே நிற்போமாயின், ஒன்றரை நூற்றாண்டு வரலாறு தன் கதவைத் திறந்து காட்டும்.

மண் ஒருவருக்கு, சுவர் ஒருவருக்கு

1801ஆம் ஆண்டில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் வாழ்ந்த இலண்டன், 1901இல் சுற்றுப்புறங்களையும் சேர்த்து 65 இலட்சம் மக்களைத் தாங்கிற்று. இப்பெருக்கத்துக்கு இடம்தர வயல்களும் தோட்டங்களும் தெருக்களாயின. கட்டடத் தொழிலை அழுத்திக்கொண்டிருந்த வரிகளும் அக்காலத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக நீங்கின. கண்ணாடி மீதான வரி 1845இலும், செங்கல் வரி 1850இலும், சன்னல்களை எண்ணி விதித்த வரி 1851இலும் ஒழிந்தன. வேல்ஸ் மலைகளில் வெட்டிய கற்பலகைகளைப் புகைவண்டி தலைநகருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. சன்னல்கள் அகன்றன, வீடுகள் உயர்ந்தன.

ஆனால் இவ்வீடுகளைக் கட்டிய முறை நமக்குப் புதுமையாகத் தோன்றும். நிலத்தின் சொந்தக்காரர் பெரும்பாலும் ஒரு பிரபுவாகவோ பழைய நிறுவனமாகவோ இருப்பார். அவர் நிலத்தை விற்பதில்லை; பெரும்பாலும் 99 ஆண்டுகளுக்குக் கட்டட முதலாளி ஒருவருக்குக் குத்தகைக்கு விடுவார். கட்டட முதலாளி கடன் வாங்கி, குடிவருவோர் யாரென்று அறியாமலே ஒரு தெரு முழுவதற்கும் வீடுகளை எழுப்புவார். பின்னர் அக்குத்தகை உரிமையை ஒவ்வொரு வீடாக விற்றுவிடுவார். வாங்கியவர் ஆண்டுதோறும் நிலவாடகை செலுத்த வேண்டும். தவணை முடிந்ததும் மண்ணோடு வீடும் நிலப்பிரபுவின் வழியினரையே சேரும். அப்படியும் குத்தகை உரிமையை வாங்கியோர் சிலரே. அக்காலத்து மக்களில் பெரும்பாலோர், வசதி படைத்தோரும்கூட, வாடகை வீட்டிலேயே வாழ்ந்து மறைந்தனர்.

நிலவாடகை செலுத்திய அக்குடும்பத்தின் உள்ளேயும் உரிமை சமமாகப் பகிரப்படவில்லை. மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளப் பொதுச்சட்டம் இடந்தரவில்லை. தான் ஈட்டிய ஊதியத்தைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமையை 1870ஆம் ஆண்டுச் சட்டம் அவளுக்கு அளித்தது. 1882ஆம் ஆண்டுச் சட்டமே அவளைத் தன் சொத்துக்கு முழு உரிமையுடையவள் ஆக்கியது. அதுவரை ‘இல்லத்தரசி’ என்னும் பட்டத்தைத் தாங்கியவளுக்கு, அந்த இல்லத்தின் ஒரு செங்கல்லையும் தனதென்று சொல்லச் சட்டத்தில் வழி இல்லை.

இரண்டு வாசல்கள்

தெருவிலிருந்து பார்ப்பவருக்கு இவ்வீட்டில் இரண்டு வாசல்கள் தெரியும். சில படிகள் ஏறிச் சென்றால், தூண்கள் தாங்கிய முகப்பில் வண்ணம் பூசிய பெருங்கதவு நிற்கும். அது குடும்பத்தாருக்கும் விருந்தினருக்கும் உரியது. அதன் பக்கத்திலேயே இரும்புக் கிராதிக்கு அப்பால், தரைமட்டத்துக்குக் கீழே இறங்கும் ஒடுங்கிய படிகள் இருக்கும். அவற்றின் அடியிலுள்ள சிறு கதவு பணியாளருக்கும் பால்காரருக்கும் இறைச்சி கொண்டுவருவோருக்கும் உரியது. நடைபாதையில் பதித்த வட்ட இரும்பு மூடியைத் திறந்து நிலக்கரியை நேரே கீழறைக்குள் கொட்டுவார்கள்.

உள்ளே தளங்களின் அடுக்கிலும் இப்பிரிவே ஆட்சி செய்தது. நிலத்தடித் தளத்தில் சமையலறையும் பாத்திரம் துலக்கும் அறையும். வாயில் தளத்தில் உணவுக்கூடம். முதல் மாடியில் வீட்டின் பெருமையெல்லாம் திரண்டு நிற்கும் வரவேற்புக்கூடம். அதற்கு மேல் படுக்கையறைகள். உச்சித் தளத்தில் குழந்தைகளும் பணிப்பெண்களும். பணிப்பெண் கூரையடியில் உறங்கி எழுந்து, மண்ணடியில் உழைத்தாள். இடைப்பட்ட தளங்களெல்லாம் அவளுக்கு வழிநடைதான்.

கட்டடக் கலைஞர் இராபர்ட் கெர் 1864இல் வெளியிட்ட ‘கனவானின் இல்லம்’ என்னும் நூலில், குடும்பம் ஒரு சமுதாயம், பணியாளர் மற்றொரு சமுதாயம் என்ற அடிப்படையை வகுத்தார். ஒரு சாரார் மற்றொரு சாராரின் கண்ணிலும் காதிலும் படாதவாறு வீடு அமைய வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் எழுதியது பெருஞ்செல்வரின் மாளிகைகளைக் குறித்தே. ஆயினும் நடுத்தர வகுப்பாரும் தம் ஒடுங்கிய வீடுகளில் அதே கொள்கையை இயன்றவரை கடைப்பிடிக்க முயன்றனர்.

குழாயும் மின்சாரமும் ஒவ்வோர் அறைக்கும் வந்துசேராத நாள்களில் இவ்வீட்டை இயக்கியவை மனிதக் கைகளே. விடியுமுன் எழுந்து கணப்புகளின் சாம்பலை வாரவேண்டும். இரும்புக்குக் கருமை பூசவேண்டும். நிலக்கரி நிறைந்த வாளிகளைத் தளம் தளமாகச் சுமந்து ஏறவேண்டும். குளிப்பதற்கு வெந்நீரைத் தூக்கிக்கொண்டு மேலே போகவேண்டும். அழுக்கு நீரையும் இரவுக் கழிவையும் தூக்கிக்கொண்டு கீழே வரவேண்டும். வாசற்படியை முழங்காலிட்டுத் தேய்த்து வெண்ணிறம் ஏற்றவேண்டும். கம்பி வழி இழுத்த மணி எந்த அறையிலிருந்து ஒலித்தாலும், உடனே அந்தத் தளத்துக்கு ஓடவேண்டும்.

திருமதி பீட்டன் 1861இல் வெளியிட்ட புகழ்பெற்ற இல்லற மேலாண்மை நூல் இவ்வுழைப்பின் விலையைப் பட்டியலிட்டுள்ளது. ஆண்டுக்கு 1000 பவுன் வருவாய் உள்ள வீட்டில் சமையற்காரி, பணிப்பெண்கள் இருவர், குழந்தையைப் பேணும் தாதி, ஆண் பணியாளர் ஒருவர் என ஐவர் இருக்கலாம். ஏறத்தாழ 500 பவுன் வருவாய்க்கு மூவர் போதும். எல்லா வேலையையும் ஒருத்தியே செய்யும் வீட்டில், அவளுக்குரிய ஆண்டு ஊதியம் 9 முதல் 14 பவுன். எசமானின் வருவாயையும் பணிப்பெண்ணின் ஊதியத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாசகருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இங்கிலாந்திலும் வேல்சிலும் வீட்டுப்பணி செய்த பெண்களின் தொகை 13 இலட்சத்துக்கும் மேல். வேறெந்தத் தொழிலிலும் அத்தனை பெண்கள் இருந்ததில்லை.

விளம்பரங்கள் இன்று போற்றிச் சொல்லும் கணப்புகளுக்கு வேறொரு கணக்கும் உண்டு. அவற்றின் புகைக்கூண்டுகளுக்குள் சிறுவர்களை ஏற்றிக் கரியைச் சுரண்டச் செய்தனர். 1840ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயதுக்கு உட்பட்டோரை ஏற்றக் கூடாதென்று தடுத்தது. தடை ஏட்டில் இருந்தது, சிறுவர்கள் புகைக்கூண்டில் இருந்தனர். 1875இல் கேம்பிரிட்ஜுக்கு அருகே புல்போர்ன் மருத்துவமனையின் புகைக்கூண்டில் ஜார்ஜ் புரூஸ்டர் என்னும் சிறுவன் சிக்கி உயிரிழந்தான். நெடுங்காலம் போராடிய ஷாப்ட்ஸ்பரி பிரபு மீண்டும் குரல் எழுப்பினார். அவ்வாண்டே நிறைவேறிய சட்டம், புகைக்கூண்டு துடைப்போர் காவல்துறையிடம் உரிமம் பெறவேண்டும் என்று விதித்தது. அதன் பின்னரே அக்கொடுமை ஓய்ந்தது.

இரண்டு நாட்குறிப்புகள்

அதே 1875ஆம் ஆண்டில், கென்சிங்டன் பகுதியின் ஸ்டாப்போர்டு டெரஸ் 18ஆம் எண் வீட்டில் ஓர் இளந்தம்பதியர் குடியேறினர். கணவர் லின்லி சாம்பூர்ன், ‘பஞ்ச்’ இதழின் கேலிச்சித்திரக்காரர். மனைவி மேரியன். அவர்களுக்கு மாட் என்னும் மகளும் ராய் என்னும் மகனும் பிறந்தனர். வீடு புதியது, வரிசையாக நின்ற பல வீடுகளுள் ஒன்று. அதை அவர்கள் சுவர்த்தாள்களாலும் வண்ணக் கண்ணாடிகளாலும் சீன மட்கலங்களாலும் நிறைத்தனர். சமையற்காரியும் பணிப்பெண்களும் தாதியும் வந்து சேர்ந்தனர்.

மேரியன் 1881 முதல் 1914இல் தாம் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதினார். யார் விருந்துக்கு வந்தனர், என்ன பரிமாறப்பட்டது, பிள்ளைகளின் உடல்நலம் எப்படி, எந்தப் பணிப்பெண் சொல்லிக்கொண்டு போய்விட்டாள் என்றெல்லாம் சிறுசிறு குறிப்புகள். பொருட்செலவைப் பற்றிய கவலையும் உண்டு. வெளியார் கண்ணுக்குச் செழிப்பாகத் தோன்றிய இல்லத்தில் ஓர் இல்லத்தலைவியின் நாள்கள் எப்படி நகர்ந்தன என்பதை அக்குறிப்புகள் காட்டுகின்றன.

கீழ்த்தளத்திலிருந்து எழுந்த குரல்களுள் நமக்கு எட்டியவை மிகச் சில. அவற்றுள் முதன்மையானது ஹன்னா கல்விக்கின் நாட்குறிப்பு. அவர் சாம்பூர்ன் வீட்டில் பணிபுரிந்தவர் அல்லர். ஆனால் அதைப் போன்ற பல வீடுகளில் உழைத்தவர். 1833இல் ஷ்ராப்ஷயரில் பிறந்து, எட்டு வயதிலேயே வேலைக்குச் சென்றவர். எத்தனை கணப்புகளைத் துடைத்தார், எத்தனை இணைக் காலணிகளைத் துலக்கினார், எந்தப் படிகளைத் தேய்த்தார் என்று நாள்தோறும் எழுதிவைத்தார். ஆர்தர் மன்பி என்னும் கனவானின் வேண்டுதலால் எழுதப்பட்டது அது. இருவரும் 1873இல் இரகசியமாக மணம் செய்துகொண்டனர். மணந்த பின்னும் அவர் தம் கணவரின் இல்லத்தில் உலகத்தார் கண்ணுக்குப் பணிப்பெண்ணாகவே வாழ்ந்தார். 1909இல் அவர் மறைந்தார். மன்பி தம் தாள்களைக் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியிடம் ஒப்படைத்து, 1950 வரை திறக்கக் கூடாதென்று கட்டளையிட்டிருந்தார். ஓர் உழைப்பாளியின் எழுத்து நாற்பது ஆண்டுகள் பெட்டிக்குள் காத்துக் கிடந்தது.

இவ்விரு நாட்குறிப்புகளையும் சேர்த்துப் படிப்பவரே ஒரு விக்டோரியா வீட்டை முழுமையாகக் கண்டவர் ஆவார். ஒன்றில் விருந்து, மற்றொன்றில் விருந்துக்குப்பின் கழுவிய பாத்திரங்கள். இரண்டும் ஒரே நாளின் இரு பாதிகள்.

கதவில் தொங்கிய அட்டைகள்

முதல் உலகப்போரின்போது பெண்கள் வெடிமருந்துத் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சென்றனர். அங்கே குறித்த நேரத்தில் வேலை முடிந்தது. மாலைப்பொழுது அவர்களுக்கே சொந்தமாயிற்று. போருக்குப் பின் அவர்களுட் பலர் நிலத்தடிச் சமையலறைக்குத் திரும்ப விரும்பவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் வீட்டோடு தங்கும் பணியாளர் அரிதாயினர். பணிப்பெண் இல்லாமல் ஐந்து தள வீட்டை நடத்த எந்தக் குடும்பத்தாலும் இயலவில்லை. ‘குடும்ப இல்லம்’ யாருடைய தோள்களில் நின்றது என்பதை அந்தத் தோள்கள் விலகியபோதே உலகம் கண்டுகொண்டது.

பெரிய வீடுகள் துண்டாடப்பட்டன. ஒரு குடும்பம் வாழ்ந்த இடத்தில் அறைக்கொரு குடும்பம் குடியேறியது. வட கென்சிங்டனிலும் நாட்டிங் ஹில்லிலும் இந்நிலை மிகுந்து காணப்பட்டது. 1948இல் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பல் வந்தடைந்ததன் பின், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த மக்கள் வீடு தேடி அலைந்தபோது, பல வாசல்களில் கறுப்பர்க்கு இடமில்லை என்ற அறிவிப்பையே கண்டனர். இத்தகைய அறிவிப்பு அந்நாட்டுக்குப் புதிதன்று. 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ் மக்கள், விக்டோரியா காலத்துச் செய்தித்தாள்களில், ஐரிஷ்காரர் விண்ணப்பிக்க வேண்டா என்று முடியும் பணிப்பெண் விளம்பரங்களைப் படித்தவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் நம் கத்தோலிக்கச் சகோதரிகள். வீடுகள் அவையே, வாசலில் தடுக்கப்பட்டோர் மட்டும் காலந்தோறும் மாறினர்.

1957ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வாடகைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. பீட்டர் ராக்மன் என்பவர் நாட்டிங் ஹில்லில் பல வீடுகளை வாங்கி, பழைய குடியிருப்போரை வெளியேற்றி, வேறிடம் கிடைக்காத புதியவர்களை நெருக்கி அடைத்து மிகுந்த வாடகை பெற்றார். அவர் பெயரே ஆங்கிலத்தில் குடியிருப்போரைச் சுரண்டுவதைக் குறிக்கும் சொல்லாயிற்று. 1958இல் அதே பகுதியில் மேற்கிந்திய மக்களுக்கு எதிராக வன்முறை வெடித்தது. 1965ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் குடியிருப்போருக்குப் பாதுகாப்பு அளித்தது. வீட்டு வசதியில் நிறவேற்றுமை காட்டுவதை 1968ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்தது.

மீண்டும் ஒரே குடும்பம்

அந்நாள்களில் விக்டோரியா காலக் கட்டடங்களை இடிப்பது நாகரிகமெனக் கருதப்பட்டது. அதனை எதிர்த்த சிலர் 1957 நவம்பரில் ஸ்டாப்போர்டு டெரஸ் 18ஆம் எண் வீட்டிலேயே கூடினர். சாம்பூர்னின் பேத்தி ஆன், ராஸ் பிரபுவின் துணைவியார், அவர்களை அழைத்திருந்தார். சாம்பூர்னின் மகன் ராய் மணமாகாமல் 1946இல் இறக்கும் வரை அங்கே வாழ்ந்ததாலும், பின்வந்தோர் பெரிதும் மாற்றாததாலும், அவ்வீடு பழைய கோலத்திலேயே இருந்தது. அந்தக் கூட்டத்தின் பயனாக 1958இல் விக்டோரியன் சங்கம் தோன்றியது. கவிஞர் ஜான் பெட்ஜமனும் அறிஞர் நிக்கோலஸ் பெவ்ஸ்னரும் அதன் தொடக்க காலத் தூண்கள். 1967ஆம் ஆண்டுச் சட்டம் தனிக் கட்டடங்களோடு முழுத் தெருக்களையும் பாதுகாக்க வழிவகுத்தது. ஸ்டாப்போர்டு டெரஸ் வீடு 1980இல் மாநகர மன்றத்துக்கு விற்கப்பட்டு, மக்கள் காணும் அருங்காட்சியகமாயிற்று. கூரையடியில் உள்ள பணிப்பெண்ணின் அறையையும் அங்கே காணலாம்.

இடிபடாமல் தப்பிய ஏனைய வீடுகளை வசதி படைத்தோர் மீண்டும் நாடி வந்தனர். எளியோர் வாழ்ந்த தெருக்களில் அவர்கள் குடியேற, வாடகை உயர்ந்து பழைய குடிகள் வெளியேற நேர்ந்தது. சமூகவியல் அறிஞர் ரூத் கிளாஸ் 1964இல் இம்மாற்றத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு புதுச்சொல்லையே படைத்தார். துண்டாடப்பட்ட அறைகள் மீண்டும் இணைக்கப்பட்டன. ஆகவே இன்று ‘குடும்ப இல்லம்’ என்று விளம்பரம் செய்யப்படும் வீடு, ஒரு காலத்தில் பல குடும்பங்களின் இல்லமாக இருந்திருக்கலாம்.

இம்மறுவாழ்வில் வியப்பான ஒன்றைக் காண்கிறோம். இன்று அவ்வீடுகளை வாங்குவோர் பெரிதும் விரும்புவது நிலத்தடித் தளத்தையே. அங்கே சுவரை அகற்றி, ஒளி புகுமாறு கண்ணாடி வைத்து, சமையலும் உணவும் உரையாடலும் ஒன்றாக நிகழும் கூடமாக்கிக்கொள்கின்றனர். பிள்ளைகள் அங்கேயே படிக்கின்றனர். விருந்தினரும் அங்கேயே அமர்கின்றனர். பெருமைக்குரிய முதல்மாடிக் கூடம் பல நேரம் வெறுமையாக இருக்கிறது. பணிப்பெண் நின்று உழைத்த இடமே குடும்பத்தின் இதயமாகிவிட்டது.

அவள் பெயரையும் நாம் அறியக்கூடும். 1851 முதல், பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கில், ஒவ்வொரு வீட்டிலும் அன்றிரவு தங்கியிருந்தவர் பெயர், வயது, பிறந்த ஊர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பவை பதிவாகியுள்ளன. 1921ஆம் ஆண்டுக் கணக்கேடு 2022இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. மனைவி, மகன், மகள் என்று இறங்கிவரும் உறவு வரிசையில் அதே ஏட்டின் கடைசி வரிகளில் ‘பணியாள்’ என்ற சொல் நிற்கும். கெர் தம் நூலில் இரு சமுதாயங்களாகப் பிரித்தவர்களைக் கணக்கெடுக்க வந்த எழுத்தர் ஒரே தாளில் ஒருசேர எழுதிச் சென்றார்.

அவ்வெழுத்தர் அறிந்தோ அறியாமலோ ஒரு பழைய உண்மையைப் பதிவு செய்தார். குடும்பத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் ‘பமீலியா’ என்னும் இலத்தீன் சொல். அது ‘பமுலுஸ்’ என்பதிலிருந்து பிறந்தது. அதற்குப் பணியாள் என்பது பொருள். உரோமையரிடம் ஒரு தலைவனின் கூரைக்கீழ் இருந்த அனைவரும், அடிமைகளும் உட்பட, அச்சொல்லில் அடங்கினர். நம் திருச்சபையின் பழைய இலத்தீன் நற்கருணை மன்றாட்டு, விசுவாசிகளைப் பணியாளர் என்றும் இறைவனின் குடும்பம் என்றும் இவ்விரு சொற்களாலேயே குறிக்கிறது. பீடத்தருகே நிற்கையில் பணியாளர் யாவரும் குடும்பத்தினர். குடும்பத்தினர் யாவரும் பணியாளர்.

வீட்டை வாங்க வருபவர் சுவரின் ஈரத்தையும் கூரையின் உறுதியையும் சோதித்துப் பார்ப்பார். பத்திரத்தில் முந்தைய உரிமையாளர் பெயர்களையும் தேடுவார். கூரையடி அறைக்கும் நிலத்தடிக் கூடத்துக்கும் இடையே நாள்தோறும் ஏறி இறங்கியவர்களின் பெயர்கள் அப்பத்திரத்தில் இரா. அவர்களின் காலடி பட்டுத் தேய்ந்த படிக்கட்டு மட்டும் விற்பனையில் அடங்கியிருக்கிறது.